இனி அப்பா

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன், அண்ணாச்சி. எனக்குப் பேய், பிசாசு, செய்வினை, கண்ணேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. கல்யாணமான புதிதில் வாசலில் திருஷ்டிக்கு வாங்கிவைத்த பூசணிக்காயை எடுத்துச் சாம்பாரில் போடச் சொல்லி மாமியார் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். கடற்பாசி வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை, படித்தது தாவரவியல், ஆக இந்தக் கதையைச் சொல்வதற்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத ஆள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் நடந்தது நடந்ததுதானே.

என் மகள் பெயர் பேச்சியம்மாள். குலதெய்வத்தின் பெயர், பேச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாலு வயது முடிந்தும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும், சிரிப்பாள், அழுவாள், ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. பேச்சி என்று பேர் வைத்த பிள்ளைக்குப் பேச்சில்லையே என்று தெருவில் ஒருத்தி சொல்லிவிட்டாள், அன்று என் மனைவி செல்வி அடுப்பே பற்றவைக்கவில்லை. பாளையங்கோட்டையில் டாக்டர்களைப் பார்த்தோம், பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் போனோம். என் மதினி, அதாவது செல்வியின் அக்கா, தன் பங்குக்குக் கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தாள், கிளி கொத்திய கொய்யாப்பழம் தேடி அலைந்தாள், திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரே ஓர் ஆசைதான். அவள் என்னை ஒரு தடவையாவது அப்பா என்று கூப்பிட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நிறுவனம் என்னை இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. கிழக்கே கடைக்கோடியில், திமோருக்குப் பக்கத்தில் ஒரு தீவு, அதில் கடலோரமாக ஒரு சின்னக் கிராமம். பாசி எப்படி வளர்க்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும், ஒரு மாதம். போய் இறங்கியதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்ம ராதாபுரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடலோரத்தில் வைத்ததுபோல இருந்தது. பார்த்த இடமெல்லாம் பனை. விடியும் முன்னே மரம் ஏறிப் பதநீர் இறக்குகிறார்கள், காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறார்கள், வீட்டுக்குப் பனையோலைக் கூரை, குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடை. என்ன, வாசலில் ஆட்டோடு பன்றியும் படுத்துக் கிடக்கும், ஊர் நடுவில் கோயிலுக்குப் பதில் சர்ச். கடல் வற்றியதும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, நீளக் கயிற்றில் பாசித் துண்டுகளைப் பூக் கட்டுவதுபோல முடிந்துகொண்டே போவார்கள். கரையில் காயும் பாசியின் வாடை சோற்றில்கூட ஏறியிருக்கும். எனக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் தங்கிய வீட்டுக்காரி பெயர் யூலி. அங்கே அம்மாவை ‘மாமா’ என்பார்கள், மாமாவை ‘ஓம்’ என்பார்கள். சத்தியமாக. அதனால் அந்த அம்மாள் ஊருக்கே மாமா யூலி, நான் அந்த வீட்டுக்கு ஓம். அவளுக்கு ஒரு மகள், என் பேச்சி வயதுதான், நோனா என்று கூப்பிடுவார்கள். சரியான வாயாடி. தூக்கத்தில் மட்டும்தான் வாயை மூடுவாள். என் ஷூ, என் குடை, என் மாத்திரை அட்டை, கண்ணில் பட்டதையெல்லாம் கைகாட்டி ஒரே கேள்வி, “இனி அப்பா, ஓம்?” அவர்கள் பாஷையில் ‘இனி’ என்றால் இது, ‘அப்பா’ என்றால் என்ன. இது என்ன மாமா என்று கேட்கிறாள், அவ்வளவுதான். நம்மைப்போல ‘ப்’பை அழுத்த மாட்டார்கள், கடைசியில் குரலைக் கொஞ்சம் தூக்குவார்கள். முதல் நாள் என் முதுகுக்குப் பின்னால் அவள் “அப்பா?” என்றபோது நான் திரும்பியே விட்டேன். அப்புறம் பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்குப் போன் பேச வேண்டுமானால் சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏற வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மேட்டு வீட்டு நாய்க்குப் பயந்து நோனா அங்கே வரவே மாட்டாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் குரலை என் மகள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீடியோவோ ஒலிப்பதிவோ எதுவும் நான் எடுக்கவுமில்லை, அனுப்பவுமில்லை. நீங்கள் கடைசியில் இதைத்தான் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் மேட்டில் நின்று செல்வியிடம் இந்த வீட்டில் ஒரு வாயாடிப் பிள்ளை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் உடனே அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அந்த வாயாடிப் பிள்ள கடிச்ச பண்டம் எதையாவது மிச்சம் வாங்கிட்டு வாங்களேன். எங்க ஊருப் பக்கம் குடுப்பாவ. தின்னா பேச்சு வந்துருமாம்.”

“கோட்டிக்காரி மாதிரிப் பேசாத” என்று போனை வைத்துவிட்டேன்.

கிளம்பும் நாள் காலையில், நான் கேட்கவேயில்லை அண்ணாச்சி, நோனா தானாகத்தான் வந்தாள். கையில் வட்டக் கருப்பட்டி ஒன்று, பாதி கடித்தது. அதை என் பெட்டிமேல் வைத்தாள். யூலிக்கு வெட்கமாகப் போய்விட்டது, விருந்தாளிக்கு எச்சிலைக் கொடுக்கிறாயே என்று மகளை அதட்டினாள். பரவாயில்லை என்று சொல்வதற்காக நான் போனில், சிக்னல் வேண்டாத ஒரு செயலியில், மொழிபெயர்த்துக் காட்டினேன், எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, வாயாடிப் பிள்ளை கடித்ததைத் தின்றால் பேசாத பிள்ளை பேசும் என்று. யூலி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நோனா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “அப்பா?” என்றாள். என்ன என்று கேட்டாள். அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் கருப்பட்டியைச் செல்வியிடம் கொடுத்தேன், இனிமேலாவது நச்சரிக்காமல் இருப்பாளே என்று. அவள் சாமி கும்பிட்டுவிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள், பேச்சியும் சப்புக்கொட்டித் தின்றாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எல்லாரும் குறுக்குத்துறைக்குப் போனோம், மதினியும் கூட வந்தாள். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, முருகன் கோயிலில் விளக்கு வைத்திருந்தார்கள். பேச்சி படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள், மீன்குஞ்சுகள் விரலைக் கடித்தன. அவள் குனிந்து பார்த்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள், மீனைக் கைகாட்டினாள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள்.

“இனி அப்பா, ஓம்?” என்றாள்.

செல்வி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மதினி கத்திய கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். “கேட்டியளா தம்பி! இனிமே அப்பான்னு கூப்பிடுவேன்னு சொல்லுதா பிள்ள! முருகன் சந்நிதியில வச்சு ஓம்னுல்லா சொல்லுதா!” ஈரத் துணியோடு ஓடிவந்த ஒரு அம்மாள் பிள்ளைக்குத் திருநீறு பூசினாள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செல்வி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை என்னால் சொல்லவே முடியாது.

எனக்கு மட்டும்தான் அது வேறாகக் கேட்டது. அந்த ‘ப்’பில் அழுத்தம் இல்லை, கடைசியில் குரல் மேலே ஏறியது. என் மகள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை, அண்ணாச்சி. இது என்ன மாமா என்று கேட்கிறாள். “மீனு” என்றேன். “மீனு” என்று அவளும் சொன்னாள். அடுத்து படியைக் காட்டி, “இனி அப்பா, ஓம்?”

அப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தமிழ் முழுவதும் பேசிவிட்டாள். சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், வந்தால் மொத்தமாக வரும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. இப்போது அவள் என்னை நன்றாக அழுத்தி அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், வாய் ஓய்வதில்லை. சந்தோஷமா என்று கேட்டால், சந்தோஷம்தான், அந்தக் குரல் இல்லாமல் இனி என்னால் ஒரு நாள் இருக்க முடியாது. படித்துறையில் அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் செல்வியிடம் நான் சொல்லவில்லை.

யூலி எப்போதாவது மேட்டில் ஏறி எனக்கு ஒலிச்செய்தி அனுப்புவாள். பாசி விலை, மழை, பன்றிக்குட்டி என்று ஏதாவது சொல்வாள். போன மாதம் நானே நோனா எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், ஆனால் நீங்கள் போன வாரத்திலிருந்து பேச்சு நின்றுவிட்டது, நகரத்து டாக்டர் காதும் தொண்டையும் நன்றாக இருக்கிறது என்கிறார் என்று பதில் வந்தது. குரலில் கோபமில்லை. முந்தாநாள் இன்னொரு செய்தி அனுப்பியிருக்கிறாள், இந்தத் தடவை எழுத்தில். ஓம், உங்கள் ஊர் வழக்கம் ஒன்று சொன்னீர்களே, உங்கள் மகள் இப்போது நன்றாகப் பேசுகிறாள் என்றால் அவள் கடித்தது எதையாவது அனுப்பி வைக்க முடியுமா, தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

இந்தப் பழக்கமெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று இப்போதும் நான்தான் சொல்கிறேன். அப்படியென்றால் ஒரு பிஸ்கட்டை உறையில் போட்டு அனுப்ப வேண்டியதுதானே, அந்தத் தாய்க்கு ஒரு ஆறுதலாவது கிடைக்கும். முந்தாநாளிலிருந்து பேச்சி வீட்டில் எதைக் கடித்து வைத்தாலும், முறுக்கோ பழமோ ரொட்டியோ, யார் கையும் படுவதற்கு முன்னால் நான் எடுத்துத் தின்றுவிடுகிறேன். செல்வி பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். யூலிக்கு இன்னும் பதில் போடவில்லை. நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி, உங்கள் பிள்ளையாக இருந்தால் அனுப்புவீர்களா?