நான்கு கதிரைகளுக்கு இரண்டு நத்தார்

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நான்கு கதிரைகள். மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது கண்டியில் வாங்கினோம். கடைக்காரர் ஆறு கதிரை உள்ளதை எடுக்கச் சொன்னார். நான் ஆட்களை எண்ணிப் பார்த்து நான்கு போதும் என்றேன். அடுத்த வருடம் மகள் பிறந்தாள், எண்ணிக்கை சரியாகிவிட்டது. அரசாங்கக் களஞ்சியமொன்றில் ஆணியும் வாளியும் எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. முட்டையைக் கடையில் ஒரு தடவை எண்ணி, எங்கள் ஊர் கடுகண்ணாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னொரு தடவை எண்ணி, வீட்டில் மனைவி முன்னால் மூன்றாவது தடவை எண்ணுவேன். எண்ணி முடியும்வரை அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

போன வருடம் நடுப்பகுதியில், மனைவிக்கு இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று கண்டியில் வைத்தியர் சொன்னார். வலிக்கு மாத்திரை எழுதினார். விருப்பமானதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிலிமத்தலாவை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"புள்ளைக ரெண்டையும் ஒரே மேசையில பாத்துடணுங்க. அது போதும் எனக்கு."

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான், கணினி வேலை. மகள் ஜப்பானில் கேக் செய்யும் தொழிற்சாலையொன்றில் இருக்கிறாள். அவள் போனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. ஒருவர் வந்து போய் மாதங்கள் கழித்து மற்றவர் வருவார். அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் குறைவு. கோபம் ஒன்றுமில்லை. அவன் விழித்திருக்கும் நேரத்தில் அவள் தூங்குவாள், அவள் வேலை முடிந்து வரும்போது அவனுக்கு விடிந்திருக்காது. சேதியெல்லாம் எங்கள் வழியாகத்தான் போய்வரும்.

அன்று பின்னேரமே கைப்பேசியில் குரலைப் பதிந்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன். அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். இந்த நத்தாருக்கு இரண்டு பேரும் கட்டாயம் வந்துவிடுங்கள், உங்களை ஒன்றாகப் பார்க்க வேண்டுமாம் என்றேன். மகனிடமிருந்து பதில் வந்தது: நத்தாருக்கு வர்றேம்பா. மறுநாள் மகளிடமிருந்து: நத்தார் லீவுக்கு வந்துடுறேன், அம்மாகிட்ட சொல்லுங்க. இரண்டு பேரும் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்கள் என்று அறிந்தபோது மனைவி அன்று ஒரு இடியாப்பம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

எந்தத் திகதி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த ஊரில் நத்தார் என்றால் கிறிஸ்து பிறந்த நாள் மட்டுமல்ல, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து புதுவருடத்துப் பாற்சோறு வரைக்கும் ஒரே காலம். நத்தாருக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் கேக் வெட்டும்போதும் இருப்பார், முதலாம் திகதி வெடி கொளுத்தும்போதும் இருப்பார். அதற்கு வேறு பொருள் இருக்கலாம் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கார்த்திகை கடைசியில் கேக்குக்குச் சாமான் வாங்கக் கண்டிச் சந்தைக்குப் போனேன். நான் வழமையாக வாங்கும் கடைக்காரர் திகன ஊர்க்காரர், முஸ்லிம். பிள்ளைகளில் யார் வருகிறார்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் என்றேன்.

"ரெண்டு பேருமா? அல்ஹம்துலில்லாஹ். அப்ப பிளம்ஸ் கூடப் போடுறேன் சேர். எண்ணிப் பாக்க வேணாம், இது நம்மட கணக்கு."

முந்திரிகை வற்றலை ஒரு கை அள்ளிப் பையில் கொட்டினார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உண்மையாகவே எண்ணவில்லை.

அன்று பின்னேரம் மனைவி மேசையில் உட்கார்ந்து கஜுப் பருப்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் கைப்பேசியில் முகம் காட்டினாள். அடுப்பில் கேக்குக்கான ரவையை வறுக்க எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, இருபதாம் திகதி வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறான், நீ எப்போது என்று கேட்டாள். முப்பதாம் திகதி விடியக்காலை இறங்குகிறேன் என்றாள் மகள். தாய் கஜு கத்தியைக் கீழே வைத்தாள். அண்ணன் இருபத்தெட்டாம் திகதி போகிறானே என்றாள்.

அன்றுதான் முதல் தடவையாக மூன்று வீடுகளும் ஒரே அழைப்பில் பேசின. மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பினோம்.

"நத்தாருக்குத்தானே அப்பா வரச் சொன்னாரு? நத்தார் முடிஞ்ச பொறகு வர்ற, நீ என்ன புள்ள?" என்றான் அவன்.

"நத்தார் லீவுன்னுதாண்ணே சொன்னேன். இருபத்தஞ்சாந் தேதி இங்க வேல நாளு. லீவே இருபத்தொம்பதுலதான்."

"நத்தாரன்னைக்கு வேல செய்ற நாட்டுல எதுக்கு கேக் சுடுறீங்க?"

"அத அவுங்ககிட்ட போய்க் கேளு."

நான் குறுக்கே விழுந்து ஒவ்வொருவராக விசாரித்தேன். ஜப்பானில் நத்தார் வீட்டுப் பண்டிகை இல்லையாம். இருபத்துநான்காம் திகதி மாலை காதலர்கள் சோடியாக வெளியே போவார்கள். வீட்டில் இருப்பவர்கள் முற்கூட்டியே சொல்லிவைத்த பொரித்த கோழியும், வெள்ளைக் கிரீம் பூசி ஸ்ட்ரோபெரி வைத்த கேக்கும் வாங்கிச் சாப்பிடுவார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் மிகக் கொஞ்சம். மறுநாள் எல்லோரும் வேலைக்கு. தாய் தகப்பனிடம் போவது புதுவருடத்துக்குத்தான். அந்தக் கேக்கைச் செய்வதுதான் மகளின் தொழிற்சாலை. இருபத்தைந்து வரைக்கும் இரவு பகலாக ஓடும், யாருக்கும் லீவில்லை. பிறகு புதுவருடத்துக்குக் கதவை மூடுவார்கள். அமெரிக்காவில் தலைகீழ். நத்தார்தான் வீடு. புதுவருடம் சிநேகிதர்களோடு கூத்தடித்துவிட்டுப் போகிற ஒரு இரவு. மகனுடைய அலுவலகத்தில் நத்தாருக்கு லீவு எடுத்தவர் வருடக் கடைசியில் வேலைக்கு நிற்க வேண்டும். நத்தாரை விட்டுக்கொடுத்தவருக்குப் புதுவருடம். மாற்றிக் கேட்டுப் பார்த்தான். புதுவருடத்தை எடுத்துக்கொண்ட பெண் ஏற்கனவே எங்கேயோ போக ஒழுங்கு செய்துவிட்டாளாம்.

மகளும் கேட்டாள். ஸ்ட்ரோபெரி வைக்கும் வரிசையில் ஒரு ஆள் குறைந்தால் மற்றவர்கள் மேல் சுமை விழும், அப்படிக் கேட்பதே அங்கே மரியாதை இல்லை என்று மேற்பார்வைக்காரி முகத்தை வைத்தாளாம். ஒரு கேக்குக்கு எத்தனை ஸ்ட்ரோபெரி என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன். சின்னதுக்கு ஆறு, பெரியதுக்கு எட்டு என்றாள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபோது மனைவி, "விடுங்க, ரவை கருகுது" என்றாள்.

மகன் வந்தான். வந்த அன்றே கண்டிக்குப் போய், நத்தார் மரத்துக்கென்று ரோட்டோரம் விற்கிற சைப்பிரஸ் கிளையில் பெரியதாகப் பார்த்து வாங்கி முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தான். அமெரிக்காவிலிருந்து நான்கு சிவப்புக் காலுறைகள் கொண்டுவந்திருந்தான். அங்கே வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பரிசு போட்டு ஒன்று கணப்பு அடுப்பில் தொங்கவிடுவார்களாம், நாய் இருந்தால் நாய்க்கும். இங்கே கணப்பு அடுப்பா இருக்கிறது? சாப்பாட்டு அறை ஜன்னல் கம்பியில் கட்டினான். நத்தார் காலையில் பல்லும் விளக்காமல் அவற்றை அவிழ்க்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஒரு சின்னக் கணிப்பான் இருந்தது. தாய்க்குக் கம்பளிக் கையுறை. அவளுடைய மெலிந்த விரல்கள் அதற்குள் சும்மா ஆடின.

"தங்கச்சிட காலுற?" என்றாள்.

"அவ வந்து அவிழ்ப்பாம்மா. தொடக் கூடாது."

நத்தார் மத்தியானம் மேசையில் மூன்று பேர். நான்காவது கதிரைக்கு நேரே ஒரு தண்ணீர்க் குவளையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். மகள் தன் இடைவேளையில் அழைத்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் கவசம், கண் மட்டும்தான் தெரிந்தது.

"யாரு இது, நர்சம்மாவா?" என்றாள் தாய்.

மகள் கவசத்தைக் கீழே இழுத்தாள். சிரித்தாளா அழுதாளா, படம் தெளிவில்லை. ஒரு வாய் ஊட்டுவதுபோலத் தாய் கேக் துண்டைக் கைப்பேசிக்கு நேரே நீட்டினாள். அதற்குள் பின்னால் மணி அடித்தது. கைப்பேசி உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். திரை கறுப்பானது. மகன் எழுந்து கை கழுவப் போய் நெடுநேரம் வரவில்லை.

இருபத்தெட்டாம் திகதி அவனை ஏற்ற வேன் வந்தது. தாயால் வாசல்வரை வர முடியவில்லை. கதிரையிலேயே உட்கார்ந்து, குனிந்தவனின் தலையில் சிலுவை அடையாளம் போட்டாள். வேன் மலையிறக்கத்தில் கியர் மாற்றுகிற சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மேசையைத் துடைக்கப் போனேன். துடைக்க வேண்டாம் என்றாள். கேக், தட்டு, குவளை எல்லாம் அவன் எழுந்து போன மாதிரியே இருக்கட்டும் என்றாள். எறும்பு வருமே என்றேன். எறும்பை எண்ணிக்கொண்டு இருங்க என்றாள்.

மகள் முப்பதாம் திகதி காலையில் வந்து சேர்ந்தாள். மரம் இன்னும் நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே இருபத்தைந்து இரவோடு எல்லாவற்றையும் கழற்றி, விடியும்போது புதுவருடத்துக்கு மூங்கிலும் பைன் கிளையும் வைத்துவிடுவார்களாம், நத்தார் நடந்த சுவடே இருக்காதாம்.

தாய் அவளைப் பிடித்து அண்ணனுடைய கதிரையில் உட்காரவைத்தாள்.

"இப்பதான் எந்திரிச்சுப் போனான். தொட்டுப் பாரு, சூடு இருக்கும்."

மகள் தொட்டுப் பார்த்தாள். ஆமாம்மா என்றாள்.

காலுறைக்குள் அண்ணன் வைத்திருந்தது ஒரு சோடிக் காதணி. போட்டுக்கொண்டு தாயின் பக்கத்தில் படுத்துத் தொழிற்சாலைக் கதைகள் சொன்னாள். அங்கே முன்பெல்லாம் இருபத்தைந்து வயது தாண்டியும் கலியாணம் முடிக்காத பெண்ணை நத்தார் கேக் என்பார்களாம். இருபத்தைந்துக்குப் பிறகு யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை, ஆனால் வயதான வேலைக்காரி ஒருத்தி இவளைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தாளாம். நான் முகத்தைச் சுளித்தேன். மனைவிக்கு மூச்சு வாங்கும்வரை சிரிப்பு வந்தது.

"அப்ப நானும் இருபத்தாறாந் தேதி கேக்குத்தான்டி. பாதி வெலைக்குக் கூட எடுக்க ஆளில்ல."

அவள் சிரித்ததைக் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

முதலாம் திகதி பாற்சோறு வைத்தோம். மகள் அதை ஜப்பான்காரர்கள்போல இரண்டு கையையும் கூப்பித் தலைகுனிந்து ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். மேசையில் மூன்று பேர். மகனை அழைத்தோம், வேலையில் இருந்தான். கூப்பிடுகிறேன் என்று எழுதினான். பிறகு கூப்பிட்டபோது தாய் தூங்கிவிட்டாள், எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த வாரத்திலேயே மகள் போய்விட்டாள்.

மாசியில் மனைவி இறந்தாள். இரண்டு பேரிடமும் லீவு மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் நத்தாருக்கு எடுத்து முடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் இரண்டு சதுரம். ஒன்றில் மகன், மற்றதில் மகள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவளுக்கு நேரே இருந்தார்கள். நான் ஒருவன்தான் அதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் தங்களுக்குள் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். இந்த வருடம் மகன் நத்தாரை அலுவலகத்தில் விட்டுக்கொடுத்துப் புதுவருடத்தை வாங்கிக்கொண்டான். மகளுக்கு வழமையான லீவு. ஒரே நாளில் வந்து இறங்கி, ஒரே வேனில் வீட்டுக்கு வருகிறார்களாம். போன கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அழைத்து அதைச் சொன்னார்கள். குரலில் ஒரு சாதனை செய்த சந்தோசம். பிள்ளைகளை நொந்துகொள்ளக் கூடாது. நல்லது, வாங்க என்றேன்.

நேற்றுச் சந்தைக்குப் போனேன். திகனக்காரர் என்னைக் கண்டதும் தராசை விட்டுவிட்டு எழுந்து வந்தார். யார் வருகிறார்கள் என்று இந்த முறை கேட்கவில்லை. நானே சொன்னேன். பிளம்ஸைப் போன வருட அளவுக்கே போட்டார். இது கூடுதல் என்று பாதியைத் திருப்பிக் கொட்டச் சொன்னேன். கேக் செய்ய எனக்குத் தெரியாது. பக்குவம் கேட்டு வைக்கவில்லை. எத்தனை முட்டை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தேன். மகனோடு இருந்தபோது மூன்று பேர். மகளோடு இருந்தபோதும் மூன்று பேர். இரண்டு பேரும் சேர்ந்து வரும்போதும் மூன்று பேர்தான். எப்படிக் கூட்டினாலும் அதற்குமேல் வரவில்லை.