முதல் ஊசி யாருக்கோ, அவருக்கே பாட்டு

பிடிக்காதவர் என்று ஒருவர்கூட இல்லாத பாட்டுக்குழு உலகத்தில் உண்டு என்று, ஐம்பது வயது தாண்டும்வரை நான் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். நான்கு பேர் கொண்ட உள்ளூர்க் குழு அது. தமிழில் ஆரம்பிப்பார்கள், நடுவில் மலாயில் ஒரு வரி வரும், ஆங்கிலத்தில் கொஞ்சம் துள்ளுவார்கள், கடைசியில் அம்மாவைப் பற்றி உருக்கமாக இரண்டு வரி பாடி முடிப்பார்கள். கிள்ளான் பக்கம் கல்யாண விருந்து என்றால் அவர்கள் பாட்டு ஒலிக்காமல் மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைய மாட்டார்கள். ஒரு தீபாவளிக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் மேடை போட்டுப் பாடினார்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். புடவைக் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த மலாய்ப் போலீஸ்காரர் தலையாட்டினார். சீனப் பெண் ஒருத்தி ஒரு வார்த்தைகூடப் புரியாமல் கூடவே பாடினாள்.

"பாத்தியா, ஒருத்தராச்சும் முகம் சுளிக்கிறாங்களா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்களுக்குப் பிடிச்சா ஊருக்கே பிடிச்சிருக்கணும். எனக்குக் கால் வலிக்குதுன்னு அரை மணி நேரமா சொல்றேன் லா," என்றாள்.

மனைவிமார்களின் கருத்தை இந்த மாதிரி விஷயங்களில் நான் சேர்த்துக்கொள்வதில்லை. என் கொள்கை அப்படியே நின்றது.

பிறகு என் சிறுநீரகம் கைவிட்டது. பல வருடச் சர்க்கரை சத்தமில்லாமல் செய்த வேலை. வீடு பண்டமாரானில். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். வேலையை விட்டேன். வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில், கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். கையில் பென்சில் கனத்துக்கு இரண்டு ஊசி. நான்கு மணி நேரம் சாய்நாற்காலியில் கிடந்து, இரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. முடிந்து எழுந்தால் அன்றைய பொழுது போய்விடும். மறுநாள் கொஞ்சம் மனிதனாக இருக்கலாம். அதற்கடுத்த நாள் மறுபடியும் ஊசி.

முதல் மாதத்திலேயே எனக்குச் சலித்துவிட்டது. பயமில்லை, அழுகையில்லை, வெறும் சலிப்பு. தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற வாழ்க்கையை எதற்காக இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "தீபாவளி வரைக்கும் போறேன். அதுக்கப்புறம் என்னைக் கட்டாயப்படுத்தாதே," என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். காருக்கு ரோட் டேக்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குப் போதும் என்றேன். அவள் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் அதுதான் அந்த விவாதம்.

நிலையத்தைக் கட்டி ஆண்டவர் ஒரு தாதி. எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். ஊசிக்குப் பயந்து நோயாளிகள் காலையில் நேரத்தைக் கடத்துவோம். எடை பார்த்த பிறகு ஒருவர் கழிவறைக்குப் போவார், ஒருவர் போனில் பேசப் போவார், இன்னொருவர் ஸ்வெட்டரைத் தேடுவார். இதனால் அடுத்த வேளைக்கு வருகிறவர்கள் படிக்கட்டில் காத்துக் கிடந்தார்கள். மிஸி இதற்கு ஒரு சட்டம் போட்டார். அங்கே இருந்தது ஒரே ஒலிபெருக்கி. யார் முதலில் ஊசி போட்டுக்கொள்கிறாரோ, அன்று முழுக்க அவருக்குப் பிடித்த பாட்டுதான். கூப்பிட்டால் கேட்காது என்று காதில் மாட்டிக்கொள்வதற்கெல்லாம் தடை. இப்படி ஒரு வழக்கம் வேறெந்த டயாலிசிஸ் நிலையத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் நான் தற்செயலாக முதல் ஆளாகப் போய்விட்டேன். நம்முடைய நால்வர் பாட்டைப் போடச் சொன்னேன். ஜன்னலோரம் படுத்திருந்த சீனப் பெரியவர் கட்டைவிரலை உயர்த்தி, "செடாப்!" என்று மலாயில் பாராட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"மிஸி, யாரு இதைப் போட்டது?"

அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர். அம்பாங்கில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர், இப்போது மகளோடு இருக்க கிள்ளானுக்கு வந்தவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்தான். இருநூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே போய்ப் பழகிய குரல்.

"நான்தான் அக்கா. இவங்களைப் பிடிக்காதவங்க யாருமே இல்ல," என்றேன்.

"இருக்கேனே தம்பி. இதோ, படுத்துக் கெடக்கேன்."

"எல்லாருக்கும் பிடிக்குதேக்கா."

"அதான் எனக்குப் பிடிக்கல. தமிழனுக்கு ஒரு வரி, மலாய்க்காரனுக்கு ஒரு வரி, படிச்சவனுக்கு இங்கிலீஷ்ல ஒரு வரி, எங்களை மாதிரி கெழவிங்களுக்கு அம்மா பாட்டு. என் கேன்டீன்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒத்துக்கணும்னு காரம் இல்லாம மீ கோரெங் நூடுல்ஸ் பெரட்டிப் போடுவேன். ஒரு பிள்ளையும் குறை சொல்லாது. ஒரு பிள்ளையும் ரெண்டாவது தட்டு கேக்காது. இவனுங்க பாட்டு அந்த மீ கோரெங்தான் லா."

எனக்கு வந்த கோபத்தில் இயந்திரமே கீச்சிட்டது. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று மிஸி ஓடி வந்தார்.

அடுத்த முறை போனபோது அக்கா எனக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஒலிபெருக்கியில் உறுமி மேளம்! கோயில் ஊர்வலத்தில் காவடிக்கு முன்னால் அடிப்பார்களே, அதே உறுமி. காலை ஆறரை மணிக்கு, பத்துப் பதினைந்து நோயாளிகள் படுத்திருக்கிற அறையில். சீனப் பெரியவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். நான்கு மணி நேரம் என் மண்டைக்குள் யாரோ காவடி எடுத்தார்கள்.

"எப்படி?" என்று கேட்டார் அக்கா, கண்ணைக்கூடத் திருப்பாமல்.

அன்று மத்தியானம் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே மனைவியிடம் சொன்னேன். "வர்ற வியாழக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கெளம்பணும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கார் ஓட்டுகிறவள் அவள்தான். அதுவரை ஒவ்வொரு முறையும் என்னைக் கட்டிலிலிருந்து பெயர்த்து எடுத்துத்தான் ஏற்றிக்கொண்டு போவாள்.

இப்படி ஆரம்பித்தது போட்டி. நான் ஆறு மணிக்குப் போனால் அக்கா ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்பார். மிஸி வந்து இரும்புக் கதவைத் தூக்குவதற்குள் இருவரும் படிக்கட்டில் இடம் பிடித்திருப்போம். முழங்கால் வலிக்காரர் அக்கா, மூச்சு வாங்குகிறவன் நான், இரண்டு பேரும் படி ஏறுகிற அழகைப் பார்த்து அவர் மகளும் என் மனைவியும் கீழே நின்று சிரிப்பார்கள். ஊசிக்குக் கையை ஒளித்துவைத்த நான், "மிஸி, எனக்கு, எனக்கு," என்று நீட்டிக்கொண்டு நின்றேன். முதலில் மரியாதையாக நீங்க என்று பேசிக்கொண்டிருந்த அக்கா, சண்டை முற்றியதும் நீ என்று இறங்கிவிட்டார். அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

தீபாவளி வந்தது. போனது. அதற்கு மறுநாள் டயாலிசிஸ் நாள். இருட்டோடு எழுந்து, குளித்து, மிஸிக்கு முறுக்கு டின்னும் எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி சாவியைப் போட்டுவிட்டுக் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, ஸ்டார்ட் ஆகலையா? அந்த அக்கா ஏறிடும் லா, சீக்கிரம் எடு," என்றேன்.

அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எதற்கு அழுகிறாள் என்று எரிச்சல்கூட வந்தது எனக்கு. கிள்ளான் பாலம் ஏறும்போதுதான், தீபாவளி வரைக்கும் என்று நான் கெடு வைத்திருந்தது ஞாபகம் வந்தது. கியர் மேல் இருந்த அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன். அன்றும் அக்காதான் முதலில் போயிருந்தார். உறுமிதான்.

மறு வருடம் சீனப் புத்தாண்டு முடிந்த வாக்கில் ஒரு நாள் படிக்கட்டில் நான் மட்டும் நின்றேன். அக்கா வரவில்லை. முதல் ஊசி எனக்கு, பாட்டும் எனக்கு. நால்வர் பாடினார்கள். சீனப் பெரியவர் கட்டைவிரலை உயர்த்தினார். திட்ட ஆளில்லை. மூன்றாவது பாட்டும் முதல் பாட்டும் ஒரே மெட்டோ என்று எனக்கு அன்றுதான் சந்தேகம் வந்தது. இத்தனை வருடத்தில் வராத சந்தேகம்.

"அக்காவுக்குக் காய்ச்சல் அங்கிள். ஊசி போடுற கையில இன்ஃபெக்‌ஷன். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க," என்றார் மிஸி.

பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

"உங்க ஆளுங்கதானே, ஏன் அங்கிள்?"

"தலை வலிக்குது."

தலை வலிக்கவில்லை. எல்லோருக்கும் பிடித்த ஒன்றை எல்லோரும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது அந்த அறையில் ஒருவருக்கும் ஒருவரிடம் பேச எதுவும் இருக்கவில்லை. இயந்திரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. சலிப்பு, அந்தப் பழைய சலிப்பு, மெல்ல வந்து என் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தது. அடுத்த முறை எழுந்திருக்க மறுபடியும் மனைவி தேவைப்பட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். அக்கா பாதியாகிப் போயிருந்தார். "கண்ணை மூடவே பயமா இருக்கு தம்பி," என்றார் மெதுவாக. "அங்க நாற்காலியிலயும் அப்படித்தான். தூங்கினா முழிக்காமப் போயிடுவேனோன்னு. அதான் உறுமி. அது அடிச்சா எவன் தூங்குவான்?" இத்தனை நாள் என்னைக் கடுப்பேற்றத்தான் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மேலே ஏறி எடை பார்த்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் சத்தம் கேட்டது. அக்கா. மகள் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு வர, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறி வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. மிஸி எனக்கு ஊசியைத் தயார் செய்திருந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அக்காவுக்கு மொதல்ல போடுங்க மிஸி. இன்னைக்கு உறுமி போடுங்க," என்றேன்.

அக்கா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னடா தம்பி, பாவம் பாக்கிறியா?"

"இல்லக்கா, நீங்க இப்பத்தானே எழுந்து வந்திருக்கீங்க..."

"ஏன் எழுந்து வந்தேன்னு கேளு. நேத்து என் மககிட்ட, போதும்மா, இனிமே நான் போகலன்னு சொல்லிட்டேன். அவ அழல. ஒண்ணுதான் சொன்னா. சரிம்மா, அந்த அங்கிளுக்குத்தான் சந்தோஷம், இனி தெனம் அவரு பாட்டுதான்னா. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலையில செருப்பை எடுத்துக் கொடுன்னுட்டேன்." மறுபடியும் மூச்சு வாங்கினார். "இப்ப நீ விட்டுக் கொடுத்தா, நாளக்கழிச்சி நான் எதுக்கு எழுந்திருக்கணும்? சொல்லு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஸி ஊசியோடு நின்றார். நான் போய் என் நாற்காலியில் படுத்து, கையை நீட்டினேன்.

"எனக்குப் போடுங்க மிஸி. நம்ம ஆளுங்க பாட்டு."

நால்வர் ஆரம்பித்தார்கள். அவர்களை நான் அன்றைக்கு நேசித்ததுபோல என்றும் நேசித்ததில்லை. அவர்களைக் கண்டாலே ஆகாத ஒருவரைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் படுக்கவைத்த தெய்வத்தை, எந்தத் தெய்வமோ தெரியாது, கண்ணை மூடிக் கும்பிட்டேன். முதல் வரி முடியவில்லை.

"நிறுத்துங்க லா, இந்தக் கண்றாவியை!"

குரல் மெலிந்துதான் போயிருந்தது. மிஸி ஒலியைக் குறைக்கப் போனார். "குறைக்காதீங்க மிஸி, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க," என்றேன். கூட்டினார். அக்கா அதற்கும் மேலே குரலை எடுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்ட ஆரம்பித்தார்.