மஞ்சள் அடித்த பட்டறை

நான் படித்தது நகர மற்றும் வட்டாரத் திட்டமிடல். இதைத் தடுமாறாமல் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. வளைகுடாவில் வேலை பார்த்த அத்தா போனில், "ரோடு போடுற படிப்பாம்மா அது?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வூடு கட்டுறதா?" அதுவும் இல்லை என்றேன். பின்னே என்னதான் என்று அவர் கேட்டபோது, லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். முதல் பருவம் முடிந்து விருத்தாசலம் வந்தால், தெருக்காரர்கள் வீட்டு பிளானைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்ரூவல் வாங்கித் தர வேண்டுமாம். ஒருவர் கக்கூஸை எந்த மூலையில் வைப்பது என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். பெண்ணுக்குக் கர்வம் என்று பேசிக்கொண்டார்கள்.

வகுப்பில் நிலைமை இதைவிட மோசம். வீட்டையும் தொழிலையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் நல்ல நகரம் என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த மணி நேரத்தில் இன்னொருவர் வந்து, அப்படிப் பிரித்து வைத்துத்தான் நகரங்கள் கெட்டுக் குட்டிச்சுவராயின என்பார். நான் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிக்கொள்வேன். தேர்வில் யார் கேள்வித்தாள் எடுத்திருக்கிறார் என்று விசாரித்து, அவருக்குப் பிடித்த பதிலை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பாடம் புரிந்துவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கே சில நாள் அப்படித் தோன்றியதுண்டு.

மூன்றாம் வருஷக் கோடை விடுமுறையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது இனி எந்த இடத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் வரைபடம், தயாரிக்கும் வேலை அவர்களிடம் இருந்தது. ஊர்க்காரி என்பதால் எங்கள் தெருவையே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மனையாகப் பார்த்து, அது இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று கையிலிருக்கும் டேப்லெட் கணினியில் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். வீடு மஞ்சள். கடை நீலம். தொழில் கத்திரிப்பூ நிறம். வீடும் கடையும் சேர்ந்திருந்தால் மஞ்சளின் மேல் கோடு போடலாம். வீடும் பட்டறையும் சேர்ந்திருந்தால் என்ன போடுவது என்று அந்தப் பட்டியலில் இல்லை. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஊருக்கு அப்படி ஒரு பட்டியலைத் தயாரித்தவரை நான் இன்றுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெருக்கோடியில் பீங்கான் பொம்மை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். முன்னால் ஓட்டு வீடு, பின்னால் தகரக் கொட்டகை. அவர் செய்வதை அவருடைய கணவர் டெம்போவில் ஏற்றிப் பொதுச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வருவார். பட்டறை கொட்டகையோடு நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அச்சுகள், டிவிக்குப் பக்கத்தில் காய்கிற யானைகள். அக்கா களிமண் குழம்பை அச்சில் ஊற்றிவிட்டு, அது இறுகுவதற்குள் அடுப்பங்கரைக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வருவார். நேரம் ஒரு நாளும் தப்பியதில்லை.

டேப்லெட்டோடு போய் நின்றவளைப் பார்த்து, "என்னா பாப்பா, காலேஜ் ஹோம்வொர்க்கா?" என்றார். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்ததால் ஆமாம் என்றேன். கொட்டகையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் அச்சுகளை எண்ணினேன், கொட்டகையை அளந்தேன்.

"அக்கா, இது வூடா, பட்டறையா?"

"இது என்னா கேள்வி! சோறு வடிக்கிறப்ப வூடு, அச்சு ஊத்துறப்ப பட்டறை. ஏதோ ஒண்ணு போட்டுக்க பாப்பா" என்று சிரித்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மூன்று தடவை நிறத்தை மாற்றினேன். கத்திரிப்பூ நிறம் போட்டால், குடியிருப்புக்கு நடுவில் தொழிலா என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குப் போ என்பார்கள். அங்கே போய் அச்சு ஊற்றினால் இங்கே சோறு யார் வடிப்பது? முதல் பேராசிரியர் ஒரு காதிலும் இரண்டாமவர் மறு காதிலும் பேசினார்கள். மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மஞ்சளை அழுத்தினேன். அக்காவிடம் திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

பட்டம் வாங்கி, தெளிவு வரும் என்ற நம்பிக்கையில் அதே பாடத்தில் மேற்படிப்பும் சேர்ந்தேன். இடையில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த வருஷம் பெருநாளுக்கு மறுநாள் காலை, நாஷ்டா முடிந்து உட்கார்ந்திருந்தபோது அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள்.

சுடாத பொம்மைகள் டெம்போவில் குலுங்கிக் குலுங்கிச் சூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உடைந்துவிடுகின்றனவாம். கொட்டகையிலேயே ஒரு சின்ன கரண்டுச் சூளை வைத்துவிட்டால் உடையாது. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் அப்படியானால் வருஷம் முழுக்க வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இந்த மாதத்துக்குள் சூளை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். அக்கா உரிமம் கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"எங்க எடம் மஞ்சளா இருக்குதாம் பாப்பா. அங்க வூடு மட்டும்தானாம். இத்தினி வருசமா அங்க தொழிலே நடக்கலன்னு சொல்றாங்க."

போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். தெருவின் வளைவு, வேப்பமரம் நிற்கும் சின்னச் சந்து, கோடியில் ஒரு மஞ்சள் கட்டம். நான் அழுத்திய அதே மஞ்சள்.

"நீதான் இதுக்குன்னே படிக்கிற பொண்ணு. நல்லதா ஒரு மனு எழுதிக் குடு" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். நிலப் பயன்பாட்டை மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். கத்திரிப்பூ நிறம் போட்டிருந்தால் இவரைப் பேட்டைக்குத் துரத்தியிருப்பார்களா, அல்லது சூளைக்கு உரிமம் கொடுத்திருப்பார்களா? அன்றைக்கும் தெரியவில்லை, இத்தனை படித்த பிறகும் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டே கை எழுதியது.

"இதையும் எழுது பாப்பா. சர்வேக்கு வந்த ஆளு சரியா பாக்கல. எவனோ ரோட்டுல நின்னே பாத்துட்டுப் போயிருக்கான். உள்ள வந்து ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

ஆய்வுக்கு வந்தவர் சரியாகப் பார்க்காமல் பதிவு செய்துவிட்டார் என்று எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன். பேனாவைக் கீழே போட்டேன்.

"அக்கா, அது நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு வந்தது காலேஜ் வேலைக்கு இல்லை, இந்த வரைபடத்துக்குத்தான் என்று சொன்னேன். மஞ்சள் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். பேட்டைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ உள்ள வந்து ஒக்காந்து டீ குடிச்சியே, பாப்பா. அச்செல்லாம் எண்ணுனியே. நாங்க செய்யறது ஒனக்கு ஒரு வேலையா தெரியலையா?"

நான் அந்த வரியை அடிக்கப் போனேன். அவர் காகிதத்தின் மேல் கையை வைத்தார்.

"அடிக்காத. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

சுத்தமாக இன்னொரு பிரதி எழுதிக் கொடுத்தேன், அந்த வரியோடு. கையெழுத்துப் போட்டார். காகிதத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்துபோயிருக்கிறார். அன்றைக்குத்தான், போயிட்டு வரேன் என்று சொல்லாமல் போனார்.