சிலியிலிருந்து தட்டிய இடது கை

நான் சிலி நாட்டில் இருப்பதாக ஒரு நல்ல மனிதரை நம்பவைத்தேன். நான் இருந்தது மலாயாவில், செந்தூலில். அவர் இருந்தது அதே ஊரில், பிரிக்பீல்ட்ஸில். நடந்தே போய்விடலாம்.

1930களின் நடுவில் அவர் ரயில்வே அலுவலகத்தில் எனக்கு மூத்த குமாஸ்தா. பொழுதுபோக்காக வானலையில் பேசும் அமெச்சூர் வானொலிக்காக, புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸை இருவரும் சேர்ந்தே கற்றோம். கோப்புகளுக்கு நடுவே பென்சிலால் மேசையைத் தட்டுவோம். தேநீர் வேண்டுமா என்று அவர் தட்டிக் கேட்பார். எழுத்தெழுத்தாக நான் விளங்கிக்கொள்வதற்குள் அவர் குடித்து முடித்திருப்பார். உரிமத் தேர்வில் அவர் தேறினார், நான் தவறினேன். அவருக்கு உரிமம் கிடைத்தது. எனக்கு அவருடைய ஆறுதல் கிடைத்தது, தினமும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவருக்கு வேறு கவலை இருந்தது. தாமே செய்த கருவியில் மாதக்கணக்காக அழைத்தும் மலாயாவுக்கு வெளியிலிருந்து ஒருவரும் பதில் தரவில்லை. கொல்லையில் இரண்டு மூங்கில்களுக்கு இடையே அவர் இழுத்துக் கட்டிய ஏரியல், அவர் மனைவி துணி காயப்போடும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்குள் கடல் தாண்டி ஒரு மனிதராவது பேசாவிட்டால் அந்தக் கம்பியில் புடவைதான் தொங்கும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிறு மாலை, உரிமமில்லாமல் நான் ஒளித்து வைத்திருந்த சிறு கருவியில் அவருக்குப் பதில் கொடுத்தேன். மோர்ஸில் ஒவ்வொருவர் கையும் கையெழுத்தைப் போலத் தனியாகத் தெரியும். என் கையை அவர் அறிவார் என்பதால் இடது கையால் தட்டினேன். சிலி என்றேன். ஒரு பெயரையும் தெருவையும் கற்பனையாகக் கொடுத்தேன். மறுநாள் அலுவலகத்தில் உடைத்துச் சொல்லிச் சிரிப்பதாகத் திட்டம்.

மறுநாள் அவர் ஒரு தூக்கு நிறையக் கேசரியோடு வந்தார்.

"சிலி, தம்பி! சத்தம் காதைக் கிழிக்குது. அண்ணி அடுப்படியில இருந்தே கேட்டுட்டா!"

"அவ்வளவு தூரத்துல இருந்தா அண்ணே?" என்று கேட்டேன், வாயில் கேசரியோடு.

"என் ஏரியல் அப்படி லா!"

மூங்கில்களுக்கு அண்ணி குங்குமம் வைத்திருந்தார். ஆனால் பேசியதற்குச் சாட்சியாக இரு பக்கமும் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வது வானொலிக்காரர் வழக்கம். "அட்டை வரட்டும், அதுவரைக்கும்தான் இந்தக் கம்பி" என்றார் அண்ணி. அண்ணன் தம் அட்டையை உடனே அனுப்பினார். பிறகு தினமும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடினார், தபால்காரரைப் பார்க்க. ஐந்து மாதம் அந்த ஓட்டத்தைப் பார்த்தபின் அவர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நீயா? உன் கை எனக்குத் தெரியாதா? கோழி குப்பையைக் கிளறுற மாதிரி இருக்கும். அந்தச் சிலிக்காரர் கை வீணை வாசிக்கிற கை, தம்பி."

"இடது கை அண்ணே."

"எங்க, தட்டு."

அவருடைய மோர்ஸ் தட்டும் சாவியிலேயே தட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததில் என் பெயரே சரியாக வரவில்லை. அவர் முகம் மாறிவிட்டது.

"தேர்வுல போனது போச்சு. அதுக்காக ஒரு நல்ல மனுஷன் பேரைத் திருடுவியா? அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுது."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, இல்லாத மனிதருக்கு, இல்லாத தெருவுக்கு, அந்த மனிதரே நான்தான் என்று பொய் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அனுப்புநர் இடத்தில் தம் முகவரியை எழுதி, தபால்தலையையும் அவரே ஒட்டினார்.

பல மாதம் கழித்து அவருடைய அட்டையும் என் கடிதமும் ஒரே நாளில் திரும்பி வந்தன, அப்படி ஒரு முகவரியே இல்லை என்ற முத்திரையோடு. என்னை வீட்டுக்கு அழைத்து, அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"பாவம். வீடு மாத்திட்டாரு போல" என்றார்.

அண்ணி ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். அவரும் எழுந்து போய், ஏரியலிலிருந்து கருவிக்கு வந்த கம்பியைத் தம் கையாலேயே கழற்றிச் சுருட்டினார். நான் வாளியிலிருந்து ஒவ்வொரு புடவையாகப் பிழிந்து கொடுத்தேன்.