சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்ன இரவுச் சாப்பாடு

கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், களப்பைப் பார்த்தபடி இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களில் பலர் பிரான்ஸ்காரர்கள். அதனால் நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன். போனில் காணொளி பார்த்துப் படித்தேன். நாற்பது வயதுக்குப் பிறகு ஒருவனுக்கு வரக்கூடாத ஆசைகளில் இதுவும் ஒன்று என்பது என் மனைவியின் கருத்து.

ஒழுங்கான வினைச்சொற்களை முதலில் படிக்கும்படி காணொளியில் சொன்னார்கள். ‘மோன்ஜே’ என்றால் சாப்பிட. யார் சாப்பிட, எப்போது சாப்பிட என்று எதுவும் சேராத வெறும் வினை. ஆளைச் சேர்த்தால் வால் மாறும். நான் சாப்பிடுகிறேன் என்பதற்கு ‘ஜெ மோன்ஜ்’. நாங்கள் என்றால் ‘நூ மோன்ஜோன்’. ஆட்டுக்குக் குழை வெட்டும்போதும் நான் இதை ஓதிக்கொண்டு திரிந்தேன். பாடம் பிசகாமல் வந்தது. ஆனால் ஒரு வெள்ளைக்காரர் எதிரே வந்து நின்றால் வாலெல்லாம் உதிர்ந்து வெறும் வினை மட்டும் வாயில் வரும்.

அப்படியிருந்தும் என்னைப் பாராட்டினார்கள். காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ‘நீங்கள் சாப்பிடுகிறீர்கள்’ என்பதும் காதுக்கு ‘மோன்ஜே’ என்றுதான் கேட்கும். விருந்தாளிகளிடம் நான் கேட்டதெல்லாம் நீங்கள், நீங்கள் என்றுதானே! பிழையாகப் பேசி, சரியாகக் கேட்கப்பட்டு, ஒரு காற்றுக் காலம் முழுவதும் பண்டிதனாக நடமாடினேன். தேநீர்க் கடையில் இரண்டு பேருக்கு உச்சரிப்புக்கூடத் திருத்திக் கொடுத்தேன்.

இந்த நோன்பு மாதத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்து தங்கினார்கள். நான் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒருநாள் தானே சமைப்பதாகவும், சூரியன் இறங்கியதும் வரும்படியும் சைகையால் அழைத்தார்.

“இண்டைக்கு எனக்குக் கஞ்சி வைக்க வேணாம்,” என்று மனைவியிடம் சொன்னேன்.

“போனையாவது கொண்டு போங்க. அது மொழிபெயர்த்துச் சொல்லும்.”

“எனக்கெதுக்குப் போன்?” என்றேன்.

பள்ளிவாசலில் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்து நோன்பு திறந்தேன். வயிற்றில் இடம் வேண்டும் என்று பள்ளிக் கஞ்சியையும் விட்டேன். தொழுதுவிட்டு அவர்கள் அறைக்குப் போனபோது, வெண்ணெயும் உள்ளியும் போட்டுப் பொரித்த பாரை மீனின் வாசம் வாசலிலேயே வந்து பிடித்தது. அம்மா ஏதோ கேட்டார். சாப்பிடுகிறீர்களா என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, “ஜெ மோன்ஜே!” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. “தேஜா?” என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. நிறையச் சாப்பிடுவீர்களா என்று கேட்பதாக நினைத்து, “வீ, வீ! போக்கூ!” என்றேன். ஆமாம், நிறைய.

ஒரு கதிரை போட்டு, கையில் ஒரு கிளாஸ் தோடம்பழச்சாறு தந்தார்கள். பிறகு இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர்கள் நாட்டில் வீட்டுக்காரர் முதலில் சாப்பிட்டுக் காட்டுவது வழக்கமாக்கும் என்று நான் காத்திருந்தேன். மீனின் ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தைத் தொடவில்லை, அது எனக்கு என்று நிம்மதியடைந்தேன். அம்மா அதை ஒரு மூடியால் மூடி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் புன்னகைத்தேன். அவர்களும் புன்னகைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “எப்பிடி, சாப்பாடு நல்லமா?”

“நல்லம்,” என்றேன். என் வயிறு அப்போது போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டது. சட்டியை வழித்து அரைக் கோப்பைக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மா மூடிய தட்டோடும் போனோடும் எங்கள் குசினி வாசலுக்கு வந்தார். அவர் பேசியதைப் போன் தமிழில் வாசித்தது: “உங்கள் கணவர் ஏற்கனவே நிறையச் சாப்பிட்டுவிட்டதாகக் கூறினார். எங்கள் உணவு அவருக்கு விருப்பமில்லையா?”

மனைவி நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். நான் நடந்ததைப் போனிடம் தமிழில் ஒப்புக்கொண்டேன். அம்மாவும் சிரித்தார், பிறகு விளக்கினார். ‘ஜெ’ என்பது நான். அதைக் கொஞ்சம் நீட்டி ‘ஜே மோன்ஜே’ என்றால், நான் சாப்பிட்டுவிட்டேன்; நான் சொன்னது அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. ‘தேஜா’ என்றால் ஏற்கனவே. குறிலுக்கும் நெடிலுக்கும் இடையில் என் மீன் போய்விட்டது. தமிழ் பேசிப் பிறந்தவனுக்கு இது நடந்திருக்கவே கூடாது.

அன்று மாலை எங்கள் இருவரையும் அழைத்தார்கள். புதிதாக மீன் பொரித்திருந்தார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து, “ஜெ... மோன்ஜ்,” என்றேன். அம்மா கைதட்டினார். அதற்குள் அவருடைய கணவர் என் தட்டை நிரப்பிவிட்டிருந்தார்.

“இப்ப என்னத்தச் சொன்னீங்க?” என்று மனைவி என் காதில் கேட்டாள்.

“நான் சாப்பிடுறேன் எண்டு.”

“அத நீங்க சொல்லத் தேவயே இல்ல. மொகத்தப் பாத்தாலே தெரியும்.”