இருவர் ஆட வேண்டிய நாடகம்

அந்த நாடகத்தை நாங்கள் இரண்டு பேருக்கென்றுதான் செய்தோம். ஒருத்தி எங்கள் ஊர் வாவி, கடலோடு கலக்கிற பெரிய நீர்ப்பரப்பு. மற்றவள் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த பெண். வாவியாக ஆடியவள் என் தோழி. சின்ன வயதிலிருந்து பரதம் படித்தவள். அவள் கையை அசைத்தால் தண்ணீர் நகர்வது போலிருக்கும். எனக்கு ஆட்டம் அவ்வளவு வராது. நான் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள், அதனால் பேசுகிற பாத்திரம் எனக்கு. "ஏன் என்ட வீட்டுக்குள்ள வந்தாய்?" என்று பெண் கேட்பாள். வாவி வாய் திறக்காது. ஆடிக் காட்டும்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் ஓய்ந்த பிறகு தோழியின் கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்தது. அவள் புறப்பட்டுப் போனாள். போகும்போது, "நீ தனியச் செய்கா, உன்னால ஏலும்," என்றாள், எங்கள் ஊர்ப் பெண்கள் பேச்சில் ஒட்டிக்கொள்கிற அந்தக் 'கா'வோடு. ஏலாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

நாவற்குடாவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கல்யாணம் செய்யவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அண்ணன் குடும்பத்தோடு திருகோணமலையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டால் திங்கட்கிழமை காலை மணியடிக்கும்வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு. காலடித்தால் கீழ்வீட்டு அம்மாவுக்குத் தலையிடிக்கும். அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து, பாயை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஆடிப் பழகினேன். வலப்பக்கம் திரும்பினால் பெண். இடப்பக்கம் திரும்பினால் வாவி. கேள்வியும் நானே, பதிலும் நானே. கண்ணாடியில் பார்க்கும்போது, அறைக்குள் ஒருத்தி தன்னோடு தானே சண்டை போடுவது போலத்தான் தெரிந்தது.

நகரத்தில் ஒரு சிறிய அமைப்பு பஸ் செலவும் ஒரு பதாகையும் தந்தது. பதாகையில் பெரிய எழுத்தில் 'காலநிலை நீதி'. பாடசாலைகளுக்கும் பொதுநோக்கு மண்டபங்களுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். ஆடினேன். கைதட்டினார்கள். பிறகு பணிஸும் நெக்டோ சோடாவும் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். பதாகைக்குக் கீழே ஆட்களை நிற்க வைத்து எடுத்த படத்தை அமைப்புக்கு அனுப்புவேன். 'மிக நன்று' என்று பதில் வரும். நாடகம் பார்த்த எவரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. லண்டனில் இருப்பவளுக்குச் சொல்லலாம் என்று அழைப்பு எடுத்தால் அங்கே அவள் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பாள். "பிறகு எடுக்கிறன்கா," என்பாள். அந்தப் பிறகு நாளாக நாளாக நீண்டுகொண்டே போனது.

இப்படி இருக்கும்போதுதான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தண்ணீரை ஒட்டிய ஒரு கிராமத்துக்குப் போனேன். மாரி மழைக்கு வெள்ளம் ஏறுவது அங்கே புதிதல்ல. ஆனால் சில வருடங்களாக மழைக்குக் காலம் தெரிவதில்லை. வெட்டுக்கு நிற்கிற நெல் வேளாண்மையிலும் கொட்டுகிறது. போதாக்குறைக்கு, தண்ணீர் வாவிக்குள் வடிகிற பள்ளத்தை நகரத்துப் பணக்காரர் ஒருவர் வாங்கி, சதுப்பில் நின்ற கண்ணா மரங்களை வெட்டி, டிப்பர் லொறிகளில் கிறவல் மண் கொண்டுவந்து கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபம் வரப்போகிறதாம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாவி தெரிய நின்று படம் எடுக்கலாமாம்.

மாதர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால், வெயில் தாழ்ந்த நேரம், மர நிழலில் ஆடுவதாக ஏற்பாடு. பத்துப் பதினைந்து பெண்கள் நிலத்தில் பாய் விரித்து இருந்தார்கள். நான் பதாகையைக் கட்டும்போதே ஒருவர் கேட்டார்.

"டீச்சர், நீதி எண்டு போட்டிருக்கு. வழக்குப் பேச வந்தீங்களா?"

"இல்லம்மா. உலகத்தில யாரோ புகைய விடுறாங்க, சூடு கூடுது, மழை தப்புது. நாம செய்யாத பிழைக்கு நம்மட வீட்டுக்குள்ள தண்ணி வாறது நியாயமோ எண்டு கேக்கிறது."

"ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அமைப்பு நடத்திய பயிற்சிப் பட்டறையில் அதைச் சொல்லித் தரவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு ஆடத் தொடங்கினேன்.

பாதிவரை எல்லாம் வழக்கம் போலத்தான் போனது. பெண்ணாக நின்று, அழுது, "ஏன் என்ட வீட்டுக்குள்ள வந்தாய்?" என்று கேட்டுவிட்டு, இடப்பக்கம் திரும்பி வாவியாகக் கையை விரித்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் பாட்டுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நீங்களே கேக்கிறீங்க, நீங்களே பதில் சொல்றீங்க. பாக்கவே பாவமாக் கிடக்கு, டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அத்தாங்கு என்கிற கைவலையால் இறால் பிடிக்கிறவர் என்று பிறகு அறிந்தேன். கேலி செய்ய அவர் நினைக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தப் 'பாவம்' எனக்குள் எங்கோ போய்க் குத்தியது. நாடகத்தைத்தான் சொன்னார். எனக்கு அது என் வாழ்க்கையைச் சொன்னது போலக் கேட்டது. விரித்த கை விரித்தபடியே நின்றது. அடுத்த அடி எது என்றே மறந்துபோயிற்று.

"அப்ப நீங்க வாங்க. வந்து ஆறா நில்லுங்க," என்றேன். அங்கே வாவி என்று எவரும் சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"எனக்கு ஆடத் தெரியா."

"ஆட வேணாம். நின்றாக் காணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் "போ கா, போ" என்று தள்ளிவிட்டார்கள். வந்து என் எதிரே நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். தோழி போன பிறகு அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றது அன்றுதான். நான் கேட்டேன், இந்த முறை நடிக்காமலே கேட்டேன்.

"ஏன் என்ட வீட்டுக்குள்ள வந்தாய்?"

அவர் தலையைக் குனிந்தபடி, "நான் எங்க போற? போற பள்ளத்துக்குள்ள கிறவலக் கொட்டிற்றாங்க. எனக்கும் வேற இடம் இல்ல," என்றார்.

சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தம் போட்டார். "அத ஏன் அவளிட்டக் கேக்கிற? டிப்பர்காரனக் கேளு!"

"டிப்பர்காரன் எங்க இருக்கான் இஞ்ச?"

"நான் நிக்கிறன்!" என்று இளம்பெண் ஒருத்தி எழுந்து, வாயால் இரைந்துகொண்டு ஸ்டியரிங்கைச் சுழற்றியபடி வந்தாள். இன்னொருத்தி முதலாளியானாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஆறாக நின்றவர் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் டிப்பரை மறித்தார். என் நாடகம் என் கையை விட்டுப் போய்விட்டது. நான் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபட்ட பிறகுதான் பதாகை ஒருபக்கம் கழன்று தொங்குவதைக் கண்டேன். அன்றைக்குப் படமும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மண்முனைப் பாலத்தால் போகிற பஸ்ஸில் ஏறி அங்கே போனேன். அலைக்குக் கையை எப்படி வைப்பது, பலர் சேர்ந்து ஒரே தண்ணீராக எப்படி நகர்வது என்று காட்டிக் கொடுத்தேன். தோழியின் அடவுகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்; அவர்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிக்கு அத்தாங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி இழுக்கிற அசைவைப் போட்டார்கள். அது நன்றாக இருந்தது. பேச்சும் சிரிப்பும் சண்டையுமாக அந்தப் பின்னேரங்கள் போயின. அழுகிற பெண்ணாக நானே நடித்தேன். நீங்கள்தான் நன்றாக அழுகிறீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இருள் கவிழத் தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் அடுப்பு ஞாபகம் வரும். "டீச்சர், வாறம்," என்று தங்கள் வீட்டு வளவுகளுக்குள் போய்விடுவார்கள். வேலிகளுக்கு அந்தப்பக்கம் விளக்கு எரியும், தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும், யாரோ பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் பஸ் தரிப்பிடத்தில் நிற்பேன். சாப்பிட்டுப் போகச் சொல்லி அவர்கள் கேட்காமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் என் அறை இன்னும் பெரிதாகிவிடும் என்று பயந்தேன். கடைசி பஸ் தவறிவிடும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அந்த விஷயம் நடந்தபோது நான் அங்கே இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இடைவேளையில் மாணவி ஒருத்தி ஓடிவந்து கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். "டீச்சர், இது உங்கட நாடகம்தானே?"

கிறவல் ஏற்றிய டிப்பர் ஒன்று பள்ளத்துக்குப் போகிற குறுகிய ஒழுங்கைக்குள் நிற்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பெண்கள். கையில் எந்தப் பதாகையும் இல்லை. ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, தண்ணீராக, இந்த வேலியிலிருந்து அந்த வேலிவரை போய் வந்துகொண்டிருக்கிறார்கள். சாரதி ஹோர்ன் அடிக்கிறான். பிறகு அடிப்பதை நிறுத்துகிறான். பிறகு என்ஜினையும் நிறுத்திவிட்டு இறங்கி நின்று பார்க்கிறான். ஆறாக நின்றவர் அவனைப் பார்த்துச் சொல்வது தெளிவாகக் கேட்கிறது. "தம்பி, உன்னில எங்களுக்குக் கோபமில்ல. நீ கொட்டினா நாங்க எங்க போற, அத மட்டும் சொல்லிற்றுக் கொட்டு."

அந்த வீடியோத் துண்டை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் எனக்கு ஓர் அழைப்பு எடுக்கவில்லையே என்ற நினைப்பும் கூடவே வந்தது. எடுத்தாலும் என்ன செய்திருப்பேன்? வகுப்பில் இருந்திருப்பேன், எடுத்திருக்கவே மாட்டேன். இருந்தாலும் அப்படி நினைத்தேன்.

கிராம சேவகர் வந்தார், பிரதேச செயலகத்திலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள், வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கொட்டியதை அள்ளிக்கொண்டு போக எவரும் வரவில்லை. பாதி நிரம்பிய பள்ளம் அப்படியே கிடந்தது, வெட்டிய மரங்களின் அடிகளில் சில மட்டும் துளிர்த்தன. அந்த மாரிக்கு வெள்ளமும் வந்தது. போன முறையைவிட விரைவாக வடிந்தது என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். வானத்தை மறிக்க எங்களிடம் நாடகம் இல்லை.

மாரி முடிந்ததும் எனக்கு உயர்தர மாணவர்களின் செயன்முறைப் பரீட்சை வேலை வந்தது. சில சனிக்கிழமைகள் போக முடியவில்லை. அதற்குள் பக்கத்து ஊர்கள் அவர்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டன. தெற்கே இன்னொரு படுவான்கரைக் கிராமத்தில் அவர்கள் ஆடுவதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சொல்லாமல்தான் போனேன். நிறையச் சனம். பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது.

தொடங்கினார்கள். டிப்பர் வந்தது, முதலாளி வந்தார், ஆறு வந்தது. இப்போது ஆறு தனி ஆள் இல்லை, ஏழெட்டுப் பேர் சேர்ந்த ஒன்று. சனம் சிரித்தது, இடையில் பதில் சொன்னது, எழும்பி நின்று கேட்டது. அழுகிற பெண் எப்போது வருவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை வரவில்லை.

முடிந்ததும் ஆறாக நின்றவர் என்னைக் கண்டுகொண்டு வியர்வையோடு ஓடிவந்தார். என் இரண்டு கையையும் பிடித்தார்.

"டீச்சர், கோவிக்கப்படாது. அழுற பொம்பிளைய எடுத்திற்றம். நீங்க இல்லாம ஆருக்கும் அது வருகுதில்ல. அதோட, அழுதா ஆக்கள் எழும்பிப் போறாங்க."

"நல்லது. அதுதான் சரி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சொன்ன பிறகு கண் கலங்கியது, வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் எல்லோரும் நெருக்கியடித்து ஏறினார்கள். "ஏறுங்க டீச்சர், நம்மட வீட்ட போய்ச் சாப்பிட்டுப் போகலாம்," என்று கூப்பிட்டார்கள். நாளைக்குப் பாடசாலை என்றேன். அடுத்த ஊருக்கு என்ன செய்வது என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்கள். வயல் வட்டைக்கு நடுவால் போகிற தெருவில் அந்தச் சத்தம் வெகுதூரம்வரை கேட்டது.

நான் துறைக்கு நடந்துபோய், அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற, 'பாதை' என்று சொல்கிற மிதவையில் ஏறினேன். மோட்டார் சைக்கிள்களும் ஆட்களுமாக அந்த மிதவைத் தட்டு மெல்ல நகரத் தொடங்கியது. வெயில் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி நின்றவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க இஞ்சால ஆள் இல்லையே. என்ன அலுவலா வந்தீங்க?"

"நாடகம் பாக்க வந்தன்."

"ஓ, அந்தப் பொம்பிளையள்ர நாடகமா? எப்பிடி, நல்லமா?"

"ஓம்," என்றேன். "நல்லாச் செய்தாங்க."