என் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள்

பிள்ளைகளே, என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளி விட்டு வந்தவள் தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, பஸ் ஸ்டாப்புல ஒருத்தரு பைக்க நிறுத்தி, 'பல்லு வலி போச்சா பாப்பா? ஏறு, வூட்ல வுட்டுடறேன்'னாரு. நான் ஏறலப்பா."

முதல் நாள் மாலைதான் அவளைக் கள்ளக்குறிச்சியில் பல் டாக்டரிடம் காட்டி வந்தேன். அது வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்கடைக்காரர் சொல்லியிருப்பாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன்.

"ஊர்ல இருக்கறவங்கள இன்னாத்துக்கு சந்தேகப்படறீங்க?" என்றாள் மனைவி. "வீங்கின கன்னத்தோட அவ அழுவறத நீங்கதான ஸ்டேட்டஸ்ல வெச்சீங்க!"

தியாகதுருகத்தில், எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வாட்ஸ்அப் நம்பர். யார் யார் பார்த்தார்கள் என்று போனைத் திறந்தேன். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வாடிக்கையாளர்களை நான் மோட்டாரையும் ஊரையும் வைத்தே பதிந்திருந்தேன்: அஞ்சு எச்பி களமருதூர், ஏழரை எச்பி வடக்கனந்தல், கல்வராயன் மலை சப்மெர்சிபிள். மோட்டார் ஞாபகம் வந்தது, ஆள் முகம் வரவில்லை.

களமருதூருக்குப் போன் போட்டேன். "அண்ணே, இன்னிக்கு தியாகதுருகம் வந்தீங்களா?"

"நான் எங்க வந்தேன்? இங்க நடவு நடந்துக்கினு இருக்குது. இன்னா, மோட்டார் ரெடியா?"

"நாளைக்குண்ணே" என்று வைத்துவிட்டேன். அவர் சொன்னதையும் முழுதாக நம்பவில்லை.

மகள் எட்டிப் பார்த்தாள். "இவங்கல்லாம் யாருப்பா?"

"தெரியலம்மா."

"தெரியாதவங்களுக்கு என்னிய எதுக்குப்பா காட்டின?"

அந்தப் படத்தை அழித்தேன். பேஸ்புக்கில் போட்டிருந்த பழைய படங்களையும் அவள் "இது வேணாம், இதுவும் வேணாம்" என்று சொல்லச் சொல்ல எடுத்தேன்.

பிள்ளைகளே, அந்த ஆள் நல்லவராகவே இருந்திருக்கலாம். இன்று வரை யாரென்று தெரியாது. அதனால் கடைக்கு வருகிற எல்லோரையும் ஒரு தரம் உற்றுப் பார்க்கிறேன். போன வாரம் மோட்டார் எடுக்க வந்த ஒருவர், "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். காதில் விழாதவன் போல மோட்டாரை அவர் பைக்கில் ஏற்றிக் கட்டினேன். பைக் வளைவில் மறையும் வரை கடை வாசலிலேயே நின்றேன். பிறகுதான் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குக் கிளம்பினேன்.